பறங்கிப்பட்டை: வாங்கும் முன்பும் உண்ணும் முன்பும்

தோலில் படை வந்து மாதக்கணக்கில் நீடித்தாலும், மூட்டு வீங்கி வலித்தாலும், நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் மருந்துகளில் பறங்கிப்பட்டை ஒன்று. பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரம் வரை நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். சித்த மருத்துவத்தில் அதற்கு நிலையான இடம் உண்டு. காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸுக்குச் சித்த மருத்துவர்கள் எழுதும் மருந்துகளில் பறங்கிப்பட்டைச் சூரணம் பெயர் பெற்றது.

இது மதிக்க வேண்டிய மருந்து. மதிப்பதென்றால், நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, சரக்கு இன்னதென்று தெரிந்த பிறகு, நம் உடம்புக்கு ஏற்குமா என்று பார்த்த பிறகு எடுப்பது. இந்த மூன்றையும் எப்படிச் செய்வது என்பதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

1. எது பறங்கிப்பட்டை?

பெயரில் பட்டை இருந்தாலும் இது மரப்பட்டை இல்லை. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு. ஸ்மைலாக்ஸ் சைனா என்பது தாவரவியல் பெயர். முள்ளும் பற்றுக்கம்பியும் கொண்டு ஏறும் கொடி. வட்டமான இலை, சிவந்த பழம். சீனா, ஜப்பான், கொரியா நாடுகளின் மலைச்சரிவுகளில் இயல்பாக வளர்வது. நம் கடற்கரை மணலில் விளைவதில்லை. ஊர்ப் பெயரும் மருந்துப் பெயரும் ஒலியில் நெருங்கியிருப்பதால் இது பரங்கிப்பேட்டைச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பறங்கிச்சக்கை, மதுஸ்நுகி என்ற பெயர்களும் இதற்கு உண்டு. மலையாளத்தில் சீனப்பாவு, இந்தியில் சோப்சீனி. கடைகளில் ‘பரங்கிப்பட்டை’ என்றும் எழுதி வைத்திருப்பார்கள். சரக்கு ஒன்றுதான்.

இதோடு குழப்பக்கூடிய சில பொருள்கள்:

• ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா: சீன மருத்துவத்தில் ‘து ஃபூலிங்’ எனப்படும் கிழங்கு. பறங்கிப்பட்டைக்கு நெருங்கிய உறவு. வணிகத்தில் இரண்டும் நெடுங்காலமாகக் கலந்தே வந்திருக்கின்றன. வடகிழக்கு இந்தியாவில் எடுக்கப்படும் ஸ்மைலாக்ஸ் இனக் கிழங்குகளும் இதே பெயரில் விற்பனைக்கு வருகின்றன.

• நன்னாரி: ஆங்கில வழக்கில் இதை இந்திய சர்சபரில்லா என்பார்கள். அசல் சர்சபரில்லா ஸ்மைலாக்ஸ் இனத்தைச் சேர்ந்தது. நன்னாரி வேறு குடும்பம், வேறு வேர், வேறு குணம். மணத்தை வைத்தே பிரித்துவிடலாம். நன்னாரி மணக்கும், பறங்கிப்பட்டைக்குச் சொல்லும்படியான மணம் இல்லை.

• பரங்கிக்காய்: பூசணி வகைக் காய். பெயர் தவிர எந்தத் தொடர்பும் இல்லை.

2. புகழ் எப்படி வந்தது?

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவைச் சிபிலிஸ் நோய் உலுக்கியது. கப்பல்கள் போன துறைமுகமெல்லாம் அதுவும் போனது. போர்த்துக்கீசியர் வழியே இந்தியாவுக்கு வந்ததால் இங்கே அதைப் பறங்கிப்புண் என்றார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய ‘பாவப்பிரகாசம்’ என்ற ஆயுர்வேத நூல் அதையே ‘பிரங்க ரோகம்’ என்று குறித்து, சோப்சீனியை அதற்கு மருந்தாகச் சொல்கிறது.

நோயைக் கொண்டுவந்த கடல்வழியிலேயே மருந்தும் வந்தது. மலாக்காவை 1511-இல் போர்த்துக்கீசியர் பிடித்தபின் சீனச் சரக்குகள் அவர்கள் கப்பல்களில் கோவாவுக்கு வரத் தொடங்கின. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் அங்கேயே அச்சிட்ட தன் மருந்துச்சரக்கு நூலில், சீன வேர் எனப்பட்ட பறங்கிப்பட்டைக்குத் தனி உரையாடலே ஒதுக்கியிருக்கிறார். ஐரோப்பாவில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் தன் கீல்வாதத்துக்கு இதன் கஷாயத்தைக் குடித்தார். உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் 1546-இல் இந்த வேரைப் பற்றி ஒரு கடிதநூல் வெளியிட்டார்; ஊரார் புகழ்ந்த அளவுக்கு அவர் அதைப் புகழவில்லை. சீனாவில் லீ ஷிசென் தொகுத்து 1596-இல் வெளிவந்த ‘பென்சாவ் காங்மூ’ என்ற பெருநூலும் து ஃபூலிங் கிழங்கை இதே நோய்க்குச் சொல்கிறது. பாதரச உப்பைத் தின்று உடல் கெட்டவர்களுக்கும் அதைக் கொடுத்தார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. அன்று சிபிலிஸுக்கு இருந்த இன்னொரு பெரிய மருந்து பாதரசம். பல் விழும், எச்சில் ஊற்றாக வழியும், சிறுநீரகம் கெடும். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிழங்குக் கஷாயம் எவ்வளவோ மென்மையானது. பறங்கிப்பட்டையின் புகழில் ஒரு பங்கு பாதரசத்தின் கொடுமையால் வந்தது.

3. தானாக அடங்கி, தானாகத் திரும்பும் நோய்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

சிபிலிஸின் முதல் அறிகுறி வலியில்லாத ஒரு புண். எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் அது மூன்று முதல் ஆறு வாரங்களில் ஆறிவிடும். பிறகு உடம்பில் தடிப்பு வரும், அதுவும் மறைந்துவிடும். கிருமி மட்டும் உள்ளே தங்கும். ஆண்டுகள் கழித்து இதயத்தையோ மூளையையோ நரம்பையோ தாக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். புண் இருந்த நாளில் கஷாயம் குடித்தவர், கஷாயத்தால்தான் புண் ஆறியது என்று நம்புவது இயல்பு. நானூறு ஆண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள்.

கீல்வாதத்திலும் இதே கதைதான். கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் உயிர் போகும். மருந்தில்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் அந்த வலி அடங்கும். இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைந்திருக்காது. சில மாதத்தில் அடுத்த தாக்குதல் வரும். சோரியாசிஸும் ஒரு பருவத்தில் கூடும், ஒரு பருவத்தில் குறையும். மனக்கவலையில் ஏறும், வெயில் பட்டுக் குறையும்.

பறங்கிப்பட்டைக்குப் பேர் வாங்கித் தந்த நோய்கள் மூன்றுமே இப்படித் தானாக அடங்கித் தானாகத் திரும்புபவை. ஆகவே “சாப்பிட்டேன், குறைந்தது” என்ற அனுபவம் உண்மையாக இருந்தாலும், மருந்து வேலை செய்தது என்பதற்கு அது மட்டுமே சான்றாகாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். முதலிய இரத்தப் பரிசோதனைகள், கீல்வாதத்துக்கு யூரிக் அமில அளவு, தோல் நோய்க்கு ஒரே இடத்தை ஒரே வெளிச்சத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்த படம். இவை கையில் இருந்தால் சித்த மருத்துவரும் அலோபதி மருத்துவரும் சரியான முடிவெடுக்க முடியும்.

சிபிலிஸைப் பொறுத்தவரை இன்று ஐயத்துக்கு இடமில்லை. பெனிசிலின் அந்த நோயைக் குணப்படுத்தும் என்று 1943-இல் உறுதியானது. தொடக்கநிலையில் ஒரே தவணை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போதும். கிழங்கை நம்பி அதைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்; விவரம் வெளியே போகாது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

4. ஆய்வுகள் காட்டுவது

கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. அதோடு ஸ்டீராய்டு சப்போனின்கள், அஸ்டில்பின் போன்ற ஃபிளேவனாய்டுகள், ரெஸ்வெரட்ரால் வகைச் சேர்மங்கள் உண்டு. எலிகளிடம் செய்த சோதனைகளில் இதன் சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. யூரிக் அமிலம் உண்டாக உதவும் சாந்தீன் ஆக்சிடேஸ் நொதியை ஓரளவு தடுப்பதும் ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. மூட்டுவலிக்கும் தோல் அழற்சிக்கும் இதைப் பயன்படுத்திய முன்னோர் அனுபவத்தோடு இவை ஒத்துப்போகின்றன.

ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. பெரும்பாலும் பல சரக்கு சேர்ந்த சூரணத்தையே சோதித்திருப்பதால், பலனில் கிழங்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். துணை மருந்தாக, மருத்துவர் பார்வையில், அளந்து எடுக்கத் தகுந்தது என்பதுதான் இன்றைய நிலையில் நேர்மையான மதிப்பீடு. புற்றுநோயைப் போக்கும், சர்க்கரையை வேரோடு அறுக்கும், பால்வினை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவங்கள் சட்டமே தடுக்கிறது. அப்படி எழுதிய பொட்டலத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.

5. கடையில் நிற்கும்போது

பொடியாக வாங்க வேண்டாம். பொடித்தபின் எந்தக் கிழங்கு என்று கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. துண்டாக வாங்கிப் பாருங்கள்.

• நிறமும் வடிவமும்: வெளியே செம்பழுப்பு. முடிச்சு முடிச்சாக, கோணல்மாணலாக, அறுத்த வேர்களின் முளைகளோடு இருக்கும். உள்ளே இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு.
• கடினம்: கையால் உடைவது அரிது. வெளிறிய, மாவு படிந்த, நனைத்தால் வழுவழுக்கும் மெல்லிய சீவல் என்றால் அது பெரும்பாலும் து ஃபூலிங்.
• சுவை: லேசான கசப்பும் துவர்ப்பும். நாக்கு சுருக்கென்று எரிந்தாலோ மரத்துப்போனாலோ அது வேறு சரக்கு. உடனே துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள்.
• கேடு: துளை, உள்ளிருந்து உதிரும் பொடி, பூஞ்சை வாடை, பச்சையோ கருமையோ படிந்த புள்ளிகள் இருந்தால் வேண்டாம்.

“அண்ணே, இது எப்ப வந்த சரக்கு? முழுக் கிழங்கா இருக்கா, சீவல்தானா?” என்று கேளுங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

சரக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு பாடம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிவதற்கான மாத்திரைகளில் ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இன மூலிகை சேர்ந்துவிட்டது. சீனத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகமோ டயாலிசிஸோ தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பறங்கிப்பட்டை அந்த இனத்தைச் சேர்ந்ததில்லை. ஆனால் நம் நாட்டு மருந்துக் கடைகளில் இருக்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனம். தோல் நோய்க்கும் விஷக்கடிக்கும் அவற்றைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. பறங்கிப்பட்டையோடு இவற்றையும் சேர்த்து அரைத்துத் தரச் சொல்லாதீர்கள்.

தயாரித்த சூரணமாக வாங்குவதென்றால் உறையில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்மானங்களின் முழுப் பட்டியல் ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பறங்கிப்பட்டை சேரும் சித்த மருந்துகள் எல்லாம் வெறும் மூலிகை மருந்துகள் இல்லை. இரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசமும் கந்தகமும் உண்டு. அவற்றை முறையாகப் படித்த சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

6. வீட்டில் வைப்பது

மாவுச்சத்து நிறைந்த கிழங்கு என்பதால் வண்டுக்கும் பூஞ்சைக்கும் இது பிடித்த உணவு. வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய நம் ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பே கசிந்து நிற்கும். அந்த ஈரத்தில் திறந்து வைத்த பொடி சில வாரத்திலேயே கெடலாம். சில பூஞ்சைகள் விடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் போகாது, கல்லீரலைக் கெடுக்கும்.

ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். துண்டுகளை நல்ல வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். புட்டியின் மேல் பெயரையும் வாங்கிய தேதியையும் எழுதி ஒட்டுங்கள். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். பொடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்மைலாக்ஸ் வேர்த்தூசியைத் தொடர்ந்து சுவாசித்த தொழிலாளிக்கு ஆஸ்துமா வந்தது மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

7. யார் தவிர்க்க வேண்டும்?

• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள். பாதுகாப்பானது என்று காட்டும் ஆய்வு இல்லை.
• சிறுநீரக நோய் உள்ளவர்கள். இது சிறுநீரைப் பெருக்கும் என்று மரபு நூல்கள் சொல்கின்றன.
• வயிற்றுப்புண் உள்ளவர்கள். சப்போனின்கள் குடலை உறுத்தும். அளவு மீறினால் குமட்டலும் பேதியும் வரும்.
• டிகாக்சின், லித்தியம் எடுப்பவர்கள். சிறு மாற்றமும் இந்த இரண்டு மருந்துகளை நஞ்சாக்கிவிடும்.
• சோரியாசிஸுக்கோ மூட்டு அழற்சிக்கோ மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள். அந்த மருந்தே கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டியது. மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் கூடச் சேர்க்கக் கூடாது.
• சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரை அளவை அடிக்கடி பாருங்கள்.

இவற்றோடு ஒரு தனி எச்சரிக்கை. சோரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர், மூலிகை தொடங்குகிறோம் என்று அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. நோய் உடம்பு முழுக்கப் பரவிச் சிவந்து, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேரும் நிலை வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கீல்வாதத்துக்கு அல்லோபுரினால் எடுப்பவர்களும் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

8. முதலில் நோயை உறுதி செய்யுங்கள்

எல்லா அரிப்பும் காளாஞ்சகம் இல்லை. நாள் முழுக்க ஈரத்திலும் உப்புநீரிலும் வேலை செய்பவர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் விரலிடுக்கிலும் வருவது பெரும்பாலும் பூஞ்சைப் படை. வீட்டில் எல்லோருக்கும் இரவில் அரித்தால் சிரங்காக இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி மருந்து உண்டு, பறங்கிப்பட்டை தேவையில்லை. வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். கூட்டு மருந்து இலவசம். காலத்தோடு தொடங்கினால் ஊனமில்லாமல் குணமாகும்.

உறுதியான பிறகு சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதற்கும் அரசு வழி உண்டு. பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு இயங்குகிறது. நாள்பட்ட நோய்க்குத் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உள்ளன.

9. சாப்பிடும் நாட்களில்

பறங்கிப்பட்டையைச் சுத்தி செய்துதான் மருந்தில் சேர்ப்பது சித்த மரபு. பாலின் ஆவியில் பிட்டுப்போல் அவித்து, உலர்த்திப் பொடிப்பது ஒரு முறை. கடைத் துண்டை நேரே இடித்துத் தின்பது மரபு மருத்துவம் ஆகாது.

அளவை மருத்துவர் கிராமில் சொல்வார். கிராமிலேயே நிறுத்து எடுங்கள். தேக்கரண்டியைத் தலைதட்டி எடுப்பதற்கும் குவித்து எடுப்பதற்கும் எடை இரண்டு மடங்கு வரை மாறும். புளி, காரம், மது பற்றிய பத்தியத்தைக் கேட்டுக்கொண்டு கடைப்பிடியுங்கள். து ஃபூலிங் உண்ணும்போது தேநீர் கூடாது என்பது சீன மரபு. மருந்துக்கும் தேநீருக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டால் நட்டமில்லை.

ஒரு சிறு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தேதி, எடுத்த அளவு, உடம்பில் கண்ட மாற்றம். தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை ஒருமுறை. நீண்டநாள் எடுப்பதென்றால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறை. அவர் சொன்ன காலம் முடிந்தும் பலன் தெரியாவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள். நோட்டோடு அவரிடம் திரும்பிப் போங்கள்.

10. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

கண்ணோ சிறுநீரோ மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, தொடர் வாந்தி, உடம்பெங்கும் புதுத் தடிப்பு. இவற்றில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ முகமும் உதடும் வீங்கினாலோ 108-ஐ அழையுங்கள். பரங்கிப்பேட்டைக்காரர்களுக்கு அண்ணாமலை நகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். மீதமிருக்கும் சூரணத்தையும் உறையையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள். என்ன உள்ளே போனது என்று மருத்துவர் அறிய அதுதான் வழி.

பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். சித்த மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் பொறுப்பு தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கும் உண்டு. புகார் செய்தால் மருந்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று தயங்க வேண்டாம். எந்தத் தொகுதியில் கலப்படம், எந்த மருந்தோடு சேரவில்லை என்பது இப்படிப்பட்ட பதிவுகளிலிருந்துதான் தெரிய வரும். நீங்கள் சொல்லும் ஒரு செய்தி அதே பொட்டலத்தை வாங்கப்போகும் அடுத்தவரைக் காப்பாற்றும்.